கடைசி ஆள் வந்து சேரும் வரை

வழக்கமாக இந்தப் பகுதிக்கு முட்டி வலி, ஷூ, மூச்சிரைப்பு பற்றித்தான் கேள்விகள் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூட ஓடுகிறவர்களைப் பற்றியவை. எனக்கு அதில் ரொம்ப மகிழ்ச்சி. நான் 41 வயதில் ஒரு ஓட்டக் குழுவில் சேர்ந்தேன், இப்போது 59. இந்த 18 வருடமும் அதே குழுதான். மருத்துவரோ பயிற்சியாளரோ இல்லை. பார்த்ததையும் பட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயது. மூன்று மாதமாக ஒரு ஓட்டக் குழுவுக்குப் போகிறேன். எப்போதும் நான்தான் கடைசி. எனக்காக யாராவது ஒருவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வருகிறார். அவர்களுடைய ஓட்டத்தை நான் கெடுக்கிறேனே என்று மனது உறுத்துகிறது. நின்றுவிடலாமா?

பதில்: நிற்காதீர்கள். முதலில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். உங்களோடு வருகிறவர் தினமும் ஒரே ஆளா, வேறு வேறு ஆளா? ஒரே ஆள் என்றால், அவருடைய நல்ல மனசை மட்டும் நம்பி உங்கள் குழு நடக்கிறது. நாளைக்கு அவர் வெளியூர் போனால் நீங்கள் தனியாகிவிடுவீர்கள். அவர் இருக்கிற நாளிலும், ஒவ்வொரு முறையும் கடன்பட்ட மாதிரியே இருக்கும். அதுவே முறை வைத்து மாறி மாறி வருகிறார்கள் என்றால், அது உங்களுக்காகச் செய்கிற தியாகம் இல்லை. அன்றைக்கு அவருக்கு அந்த வேலை, அவ்வளவுதான்.

நான் சேர்ந்த முதல் வருடம் முழுக்க நான்தான் கடைசி. ஒரு கிலோமீட்டர் ஓட எனக்கு ஒன்பது நிமிடம் ஆகும். கூட வருகிறவரிடம் நூறு மீட்டருக்கு ஒரு தடவை “ஸாரி” சொல்லிக்கொண்டே ஓடுவேன். ஒருநாள் கூட வந்த பெரியவர், “இன்னைக்கு என் முறைம்மா. பட்டியல்ல என் பேருதான் இருக்கு. நீங்க இல்லைன்னாலும் நான் கடைசியிலதான் வரணும்” என்றார். அவர் அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பட்டியலில் அப்படித்தான் இருந்தது. அன்றிலிருந்துதான் நான் தரையைப் பார்க்காமல் தலைநிமிர்ந்து ஓட ஆரம்பித்தேன்.

இதை நாங்களாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பார்க்கில் பால் சின்டன்-ஹெவிட் என்பவர் ஒரு 5 கிலோமீட்டர் ஓட்டத்தை நடத்தினார். அவர் அப்போது காயம்பட்டு ஓட முடியாமல் இருந்தார். நண்பர்களை விட்டு விலகிப்போகக் கூடாது என்று நேரம் குறிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். முதல் நாள் ஓடியது 13 பேர். அதுதான் இன்று பல நாடுகளில் நடக்கிற பார்க்ரன். அங்கே எல்லோருக்கும் கடைசியில் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலரை நியமிக்கிறார்கள். அதனால் ஓட வந்தவர் யாரும் கடைசி ஆகவே முடியாது.

உங்கள் குழுவில் இதைச் சொல்லிப் பாருங்கள். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள்: வாரத்தில் ஒருநாளாவது தூரத்தைக் கணக்கில் வைக்காமல் நேரத்தை வைத்து ஓடலாம். ஒரே நேரான பாதையில் எல்லோரும் 20 நிமிடம் போக வேண்டும். கடிகாரத்தில் 20 ஆனதும், அவரவர் எங்கே இருக்கிறாரோ அங்கேயே திரும்ப வேண்டும். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் எடுப்பவர் அதற்குள் சுமார் 3.3 கிலோமீட்டர் போயிருப்பார். எட்டு நிமிடம் எடுப்பவர் 2.5 கிலோமீட்டர் போயிருப்பார். திரும்பும்போது மெதுவாக ஓடுபவர்தான் முன்னால்! வேகமானவர்கள் பின்னாலிருந்து துரத்திக்கொண்டு வருவார்கள். போன அதே வேகத்தில் திரும்பினால் 40-வது நிமிடத்தில் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுவார்கள். முதல் தடவை இப்படி ஓடியபோது, நான் முன்னால் போக மற்றவர்கள் கை தட்டிக்கொண்டு பின்னால் வந்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அப்புறம், மூன்று மாதம் என்பது ரொம்பக் குறைவு. முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்திலேயே ஓடுங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். உங்களோடு வருகிறவரிடம் மன்னிப்புக் கேட்காதீர்கள். அவருடைய வீட்டைப் பற்றி, வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: நான் குழுவிலேயே வேகமாக ஓடுபவன். 10 கிலோமீட்டரை 42 நிமிடத்தில் முடிப்பேன். கடைசியில் ஓடும் முறை எனக்கு வரும்போது அன்றைய பயிற்சி வீணாகிறது. இதைச் சொன்னால் சுயநலம் என்கிறார்கள்.

பதில்: இது சுயநலம் இல்லை, தம்பி. உழைத்து வளர்த்த வேகத்தைக் காப்பாற்ற நினைப்பது நியாயம்தான். “மெதுவாக ஓடுவதும் பயிற்சிதானே” என்று சிலர் உங்களுக்குச் சமாதானம் சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. பெரிய ஓட்டக்காரர்களும் வாரத்தின் பெரும்பகுதி தூரத்தை நிதானமாகத்தான் ஓடுகிறார்கள். ஆனால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 12 விநாடியில் ஓடுகிற உங்களுக்கு எட்டு நிமிட வேகம் கிட்டத்தட்ட நடைதான். அதைப் பயிற்சி என்று நான் சொல்ல மாட்டேன். அதை நேரமாகக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். 20 பேர் இருக்கிற குழுவில் 20 ஓட்டத்துக்கு ஒரு முறைதான் உங்களுக்கு முறை வரும். அதற்கு மேல் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். உங்களுடைய வேக ஓட்டம் இருக்கிற நாளில் முறை வராதபடி பட்டியலை மாற்றிப் போடச் சொல்லுங்கள். நல்ல ஒருங்கிணைப்பாளர் அதைச் செய்வார்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே முழு மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். அன்று அவருக்காக 41 பேர் முறை மாற்றி ஓடினார்கள். ஒரு நேரத்தில் ஐந்து பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால். காற்றைத் தடுப்பதும் வேகம் குறையாமல் பார்ப்பதும்தான் அவர்கள் வேலை. அந்த 41 பேரில் 2016 ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்ற மேத்யூ சென்ட்ரோவிட்ஸும் ஒருவர். இப்படி முறை மாற்றி ஆட்கள் துணைக்கு ஓடியதால் அது உலக சாதனைப் பட்டியலில் சேராது என்று முன்பே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வந்தார்கள். கிப்சோகே கோட்டைத் தொட்டபோது பின்னால் வந்தவர்கள் துள்ளிக் குதித்த காட்சியைப் பாருங்கள். அது அவர்களுடைய ஓட்டமாகவும் இருந்தது.

கேள்வி: தனியாக ஓடினால் மூன்றாவது கிலோமீட்டரில் கால் கெஞ்சுகிறது. குழுவோடு ஆறு கிலோமீட்டர் சாதாரணமாகப் போகிறேன். இது மனப்பிரமையா?

பதில்: பிரமை இல்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகு வீரர்கள் 12 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே அளவு உழைப்பை ஒருநாள் தனியாகவும் ஒருநாள் குழுவாகவும் செய்ய வைத்தார்கள். குழுவாகத் துடுப்புப் போட்ட பிறகு அவர்களால் வலியைக் கூடுதலாகத் தாங்க முடிந்தது. சேர்ந்து ஒரே தாளத்தில் இயங்கும்போது, வலியை மட்டுப்படுத்தும் எண்டார்ஃபின் உடம்பில் அதிகம் சுரக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். என் கணக்கில் இன்னொரு காரணமும் உண்டு: தனியாக ஓடும்போது பலரும் ஆரம்பத்திலேயே வேகமாகப் போய்விடுகிறோம். குழுவில் பேசிக்கொண்டே போவதால் வேகம் தானாக அடங்குகிறது. அடுத்த முறை தனியாக ஓடும்போது, பக்கத்தில் ஆள் இருக்கிற வேகத்தில் தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: எங்களோடு எட்டு வருடம் ஓடியவர், மனைவி இறந்த பிறகு வருவதில்லை. இரண்டு மாதம் ஆகிவிட்டது. போய்ப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் நாங்கள் யாருமே போகவில்லை. இப்போது போனால் “இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்” என்று நினைப்பாரோ?

பதில்: நினைக்கலாம். நினைத்தாலும் போங்கள். இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. முதல் வாரம் குழுவிலிருந்து எத்தனை செய்திகள்! “சீக்கிரம் குணமாகி வாங்க”, “உங்களை மிஸ் பண்றோம்” என்று போன் ஓயாமல் சத்தம் போட்டது. இரண்டாவது வாரம் நான்கைந்து செய்திகள். மூன்றாவது வாரம் ஒன்றுமில்லை. காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். இந்நேரம் எல்லோரும் ஷூ கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபடி கூரையைப் பார்த்துப் படுத்திருப்பேன். என்னுடைய இடம் மூடிக்கொண்டது போல இருந்தது. ஐந்தாவது வாரம் குழுவில் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு பெண் போன் செய்தார். “ஞாயிறு ஆறு மணிக்கு உங்க வாசல்ல நிப்பேன். ஓட வேண்டாம், தெரு முனை வரைக்கும் நடப்போம். பேச வேண்டாம்னாலும் சரி” என்றார். வந்தார். அன்றைக்கு இருநூறு அடி நடந்திருப்போம். நான் திரும்பி ஓட வந்தேன் என்றால் அந்த இருநூறு அடிதான் காரணம்.

பிறகு மற்றவர்களிடம் மெதுவாகக் கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: “வேற யாராவது பேசிக்கிட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்.” யாருமே கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் என் மேல் பிரியம் இருந்தது. ஆனால் போன் செய்வது இன்னாருடைய வேலை என்று யாரிடமும் சொல்லப்படவில்லை. 30 பேர் இருக்கிற இடத்தில் எல்லோருடைய பொறுப்பு என்றால் யார் கையிலும் அது இருக்காது. அதன் பிறகு நாங்கள் ஜோடி எழுதி வைத்தோம். ஒவ்வொருவருக்கும் குழுவில் ஒரு ஜோடி. சொல்லாமல் இரண்டு வாரம் வராவிட்டால் ஜோடி போன் செய்ய வேண்டும், நான்காவது வாரம் நேரில் போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுகிறோம். இது கொஞ்சம் அலுவலகம் மாதிரி இருக்கிறது என்று அப்போது சிலர் சொன்னார்கள். இன்று யாரும் சொல்வதில்லை.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லாதீர்கள். துக்கத்தில் இருப்பவரால் என்ன வேண்டும் என்று யோசித்துக் கேட்க முடியாது. நாள், நேரம், இடம் மூன்றையும் நீங்களே சொல்லுங்கள்: “வியாழன் காலை ஆறு மணிக்கு வருகிறேன், நடக்கலாம்.” வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிட்டு, அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். இரண்டு பேருக்கு மேல் கூட்டமாகப் போகாதீர்கள். இரண்டு மாதம் வராததற்குக் காரணம் அடுக்காதீர்கள். “வந்திருக்க வேண்டும், வரவில்லை, மன்னித்துவிடுங்கள்” என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். அவருடைய மனைவியின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள். அந்தப் பெயரைக் கேட்க அவருக்கு ஆசையாக இருக்கும். ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பேச்சில் வாழ்க்கையே வேண்டாம் என்கிற மாதிரி ஏதாவது வந்தால், அதை லேசாக எடுத்துக்கொள்ளாமல் நேரடியாகக் கேளுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். குடும்பத்தாரிடம் சொல்லி, அன்றே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். அது நண்பர்கள் மட்டும் தாங்குகிற சுமை இல்லை.

கேள்வி: எனக்குப் பார்வை முழுவதும் இல்லை. வயது 29. ஓட ஆசை. ஒரு குழுவில் கேட்டேன். “உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு” என்றார்கள்.

பதில்: அந்தப் பதில் உங்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்று புரிகிறது. அவர்கள் பயத்தில் பேசியிருக்கிறார்கள், முறை தெரியாததால். முறை இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பாராலிம்பிக்கில் பார்வை அறவே இல்லாதவர்களுக்கான டி11 பிரிவில் வழிகாட்டி இல்லாமல் ஓடவே முடியாது. இருவர் கையையும் இணைக்கிற ஒரு குட்டைக் கயிறு இருக்கும். வழிகாட்டி இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, முடிவுக் கோட்டை வீரருக்கு முன்னால் தாண்டவும் கூடாது. அமெரிக்காவின் டேவிட் பிரவுன் 2016 ரியோவில் 100 மீட்டர் தங்கம் வென்றது ஜெரோம் ஏவரி என்ற வழிகாட்டியோடுதான். காலடி ஒன்றாக விழ, கை ஒன்றாக வீச, இரண்டு பேர் ஒரே உடம்பு போல ஓடுவார்கள்.

இன்னொரு குழுவில் கேளுங்கள். கேட்கும்போது, “எனக்கு மூன்று வழிகாட்டிகள் வேண்டும்” என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். ஒருவரை மட்டும் நம்பினால் அவர் வராத நாளெல்லாம் உங்கள் ஓட்டமும் நின்றுவிடும். வழிகாட்டி உங்களைவிட வேகமாக ஓடக்கூடியவராக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டே பேசுகிற மூச்சு அவரிடம் மிச்சம் இருக்க வேண்டும். முதல் சில நாள் நடந்தே பழகுங்கள். “இரண்டு அடியில் மேடு”, “இடது பக்கம் மெதுவாகத் திரும்புகிறோம்”, “எதிரே சைக்கிள்” என்று சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஒரு வழிகாட்டி, ஆபத்து இருந்தால்தான் வாயைத் திறப்பார். அவரோடு ஓடுகிற பெண் ஒருநாள், “வழியில என்ன இருக்குன்னும் சொல்லுங்க. நானும் பார்த்துக்கிட்டே ஓடணும்” என்றார். அதற்குப் பிறகு மரம், நாய்க்குட்டி, மேகம் எல்லாம் சொல்கிறார். உங்கள் வழிகாட்டியிடம் முதல் நாளே இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழுவின் வாட்ஸ்ஆப்பில் தினமும் டைமிங் போடுகிறார்கள். பார்த்தாலே சோர்வாக இருக்கிறது.

பதில்: டைமிங்கிற்கு வேறொரு குழு தொடங்கி, விருப்பமுள்ளவர்கள் மட்டும் அதில் இருக்கட்டும். பொதுக் குழுவில் நேரம், இடம், யார் வருகிறார்கள், யாருக்கு உதவி தேவை, இவை போதும். சாதித்தவர்களைப் பாராட்டுவது நல்லதுதான். ஆனால் 55 நிமிடத்திலிருந்து 53-க்கு வந்தவரையும் அதே குரலில் பாராட்டுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் தொடங்கி வையுங்கள்.

கேள்வி: அம்மா, நான் புதிதாகக் குழு ஒருங்கிணைப்பாளர் ஆகியிருக்கிறேன். ஓடும்போது யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: இந்தப் பயம் உங்களுக்கு இருப்பது குழுவுக்கு நல்லது. ஒவ்வொருவர் போனிலும், பூட்டைத் திறக்காமலே தெரிகிற மாதிரி அவசரத் தொடர்பு எண் இருக்க வேண்டும். சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள் தங்கள் ஜோடியிடமாவது அதைச் சொல்லியிருக்க வேண்டும். கட்டாயப்படுத்த வேண்டாம், ஏன் கேட்கிறோம் என்று விளக்கினால் சொல்லிவிடுவார்கள். கடைசியில் வருகிறவரிடம் போனும் விசிலும் தண்ணீரும் இருக்கட்டும்.

வெயில் நாளில் கவனிக்க வேண்டியது களைப்பு மட்டுமல்ல, நடத்தையும்தான். நாங்கள் ஒருமுறை 16 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தோம். நன்றாக ஓடக்கூடிய ஒருவர் திடீரென்று வந்த வழியே திரும்பி ஓட ஆரம்பித்தார். கேட்டால், “நான் நல்லாத்தான் இருக்கேன், விடுங்க” என்று எரிந்து விழுந்தார். அவர் எரிந்து விழுகிற ஆளே இல்லை. கடைசியில் வந்தவருக்கு அது தெரியும், ஏனென்றால் அவரோடு நான்கு வருடம் ஓடியிருக்கிறார். உடனே நிழலில் உட்கார வைத்து, மற்றவர்களிடம் இருந்த தண்ணீரை எல்லாம் வாங்கித் தலையிலும் உடம்பிலும் ஊற்றி, சட்டையால் விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைத்தார்கள். வெப்ப மயக்கத்தில் உளறல், தள்ளாட்டம், குழப்பம் வந்துவிட்டால் நிமிடங்கள் முக்கியம். முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம் கொண்டுபோக வேண்டும். குளிர்ந்த நீரில் உடம்பை அமிழ்த்த முடிந்தால் அதுதான் மிகச் சிறந்தது. முடியாவிட்டால் உடம்பு முழுக்க நீர் ஊற்றி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டி வையுங்கள். நினைவு சரியில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்த நண்பர் இன்றும் எங்களோடு ஓடுகிறார்.

அழைத்தால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் அது இதயம் நின்றதாக இருக்கலாம். ஒருவர் அவசர எண்ணை அழைக்க, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. மூன்றாவது ஆள், நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரில்லேட்டர் கருவி அருகில் எங்காவது இருக்கிறதா என்று ஓட வேண்டும். படித்தால் மட்டும் இது கைக்கு வராது. குழு முழுக்க ஒருநாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போங்கள். பயிற்சியின்போதே, யார் அழைப்பது, யார் அழுத்துவது, யார் ஓடுவது என்று பேசி முடிவு செய்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்பின் பேரில் ஒருவருக்கொருவர் “குடி, குடி” என்று திணிக்கக் கூடாது. நீண்ட ஓட்டத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

கேள்வி: குழுவில் ஒரு மூத்தவர் பெண்களின் உடல் எடையையும் உடையையும் பற்றி “அறிவுரை” சொல்கிறார். “நல்ல எண்ணத்தில்தானே சொல்கிறார்” என்று மற்றவர்கள் சமாதானம் செய்கிறார்கள்.

பதில்: கேட்காத அறிவுரையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதை நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது. 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் 261 என்ற எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, பெண் என்பதற்காகப் போட்டி அதிகாரி ஒருவர் பாதையிலிருந்து இழுத்து வெளியேற்றப் பார்த்தார். பக்கத்தில் ஓடிய ஆண்கள் “ஏதோ கோபத்தில் செய்கிறார்” என்று சமாதானம் சொல்லவில்லை. அவரோடு ஓடிய நண்பர் அந்த அதிகாரியைத் தள்ளிவிட்டார். ஸ்விட்சர் ஓடி முடித்தார். 2017-ல் 70 வயதில் அதே எண்ணோடு அதே மாரத்தானை மறுபடி ஓடினார்.

தள்ளிவிடச் சொல்லவில்லை. உங்கள் குழுவின் ஆண்கள் இரண்டு பேர் அவரிடம் போய், “இது வேண்டாம் அண்ணா” என்று சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளர் அதைக் குழுவின் விதியாகவே எழுத வேண்டும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் அவரை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் ஒருவருக்காக ஐந்து பெண்கள் ஓட்டத்தை விட்டுவிடுவதை ஒரு குழு வேடிக்கை பார்க்கக் கூடாது.

கேள்வி: ஓட்டப் பந்தயத்தில் உங்களை நெகிழவைத்த காட்சி எது?

பதில்: 2016 ரியோ ஒலிம்பிக், பெண்கள் 5000 மீட்டர் தகுதிச் சுற்று. நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளின் தடுக்கி விழ, பின்னால் வந்த அமெரிக்காவின் ஆபி டி’அகோஸ்டினோவும் விழுந்தார். ஆபி எழுந்ததும் ஓடவில்லை. நிக்கியின் தோளைத் தொட்டு எழுப்பினார். சற்று தூரத்தில் ஆபியின் முட்டி மடங்கியது. இப்போது நிக்கி நின்று அவரைத் தூக்கிவிட்டார். அதற்கு முன் இருவருக்கும் அறிமுகமே கிடையாது. ஆபி நொண்டிக்கொண்டே முடித்தபோது நிக்கி கோட்டருகே காத்திருந்தார். இருவரையும் இறுதிப் போட்டிக்குச் சேர்த்தார்கள். முட்டித் தசைநார் கிழிந்திருந்ததால் ஆபியால் ஓட முடியவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

கேள்வி: சகோதரி, எனக்கு 68 வயது. 15 வருடம் குழுவோடு ஓடினேன். முட்டித் தேய்மானத்தால் இனி ஓட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஓடாதவனுக்குக் குழுவில் என்ன வேலை? விலகிக்கொள்வதுதான் மரியாதை என்று தோன்றுகிறது.

பதில்: ஐயா, விலகாதீர்கள். உங்களுக்காகவே ஒரு வேலை இருக்கிறது. எங்கள் குழுவில் அதைச் செய்கிறவருக்கு 71 வயது. அவரும் உங்களைப் போல முட்டியால் நின்றவர்தான். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவார். போகிறவர் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுவார். திரும்பி வந்ததும் பெயருக்கு நேராக ஒரு டிக். எல்லாப் பெயருக்கும் டிக் விழும் வரை அவர் எழுந்து போக மாட்டார்.

ஒரு பனிக்கால காலையில் 23 பேர் போனோம். கடைசியில் வந்தவரும் வந்துவிட்டார், எல்லோரும் கிளம்பத் தயார். அவர் மட்டும் “இன்னும் ஒருத்தர் வரலை” என்றார். எண்ணிப் பார்த்தால் 22. வராதவர் அன்றைக்குத்தான் முதல் முறை வந்த ஒரு பெண். எங்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது, நோட்டில் இருந்தது. இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினோம். பாதை பிரிகிற இடத்தில் வேறு பக்கம் திரும்பி, கணுக்கால் பிசகி, உள்ளே அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். போனில் சார்ஜ் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் கேட்டதும் அழுதுவிட்டாராம். அந்தப் பெண்தான் இன்று எங்கள் முதலுதவிப் பொறுப்பாளர்.

பெரியவரிடம் இப்போது இருப்பது ஏழாவது நோட்டு. அடுத்த ஓட்ட நாளில் கால் மணி நேரம் முன்னதாகப் போய் உட்காருங்கள், ஐயா. ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பனியில் ஒன்று எழுதாது.